விடுதியா, லாட்ஜா?

தங்க அறை, சாப்பிட மெஸ். அதற்கு மேல் விடுதியிடம் எதிர்பார்ப்பது அதிகமாம். அப்படியானால் லாட்ஜ் போதுமே! 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டது விடுதியில்தான். மறு ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. வார்டனை எந்நேரமும் அணுக முடிய வேண்டும் என்கின்றன பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிகள். நடைமுறையில் அவர் கையெழுத்துப் போடும் நேரத்தில் மட்டும் தென்படுவார்.

வருகை பதியும் விரல்ரேகைக் கருவி, பையன் உள்ளே இருக்கிறான் என்று மட்டும் சொல்லும். அரியர் விழுந்ததை வீட்டில் மறைத்துவிட்டு, இரண்டு நாளாக மெஸ் பக்கமே வராமல் சுருண்டு கிடக்கிறான் என்பது பக்கத்துக் கட்டில்காரனுக்குத்தான் தெரியும். அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? அபராதம் எழுதுகிற வார்டனிடமா? பொங்கலுக்குக்கூடச் சேர்ந்து பானை வைக்க விடாத விடுதி நிர்வாகத்தினர், பிள்ளைகள் போனிலேயே கிடக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்வதில் என்ன நியாயம்?