கைவிடத் தெரிந்தவரே ஆய்வாளர்

1940ஆம் ஆண்டில், பதினெட்டே வயதான மைக்கேல் வென்ட்ரிஸ் ஓர் அமெரிக்கத் தொல்லியல் இதழில் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். கிரீட் தீவின் க்னோசஸில் கிடைத்த களிமண் பலகைகளில் 'லீனியர் பி' எழுத்தில் பதிவாகியிருப்பது எட்ருஸ்கன் மொழிக்கு உறவான ஒரு மொழி என்பது அவர் கருத்து. பின்னர்க் கட்டடக் கலைஞராகப் பணியாற்றிய காலத்திலும் அக்கருத்தை அவர் விடவில்லை.

எதிர்ச்சான்று 1952இல் அவருடைய உழைப்பிலிருந்தே வந்தது. ஒரே மெய்யைப் பகிரும் குறிகளை ஒரு வரிசையிலும் ஒரே உயிரைப் பகிரும் குறிகளை மற்றொரு வரிசையிலும் அடுக்கி அவர் ஓர் அட்டவணை அமைத்திருந்தார். சில குறிகளில் கிரீட்டின் ஊர்ப்பெயர்களைப் பொருத்திப் பார்த்தபோது, அடுத்தடுத்து வெளிப்பட்ட சொற்கள் கிரேக்கமாக ஒலித்தன. முதலில் அவரே அதைப் பொருட்படுத்தத் தயங்கினார். ஆயினும் அவ்வாண்டு ஜூலை 1 அன்று, பலகைகளின் மொழி கிரேக்கமே என்று பிபிசி வானொலியில் அறிவித்தார். பன்னிரண்டு ஆண்டுக் கருத்தைக் கைவிட அவருக்குச் சில வாரங்களே தேவைப்பட்டன.

அப்பலகைகளை அகழ்ந்தெடுத்த ஆர்தர் எவன்ஸின் வழி வேறு. குதிரைக்குட்டியைக் குறிக்கும் படத்தருகே 'போ-லோ' எனப் படிக்கத்தக்க குறிகள் இருப்பதை அவர் கவனித்திருந்தார். கிரேக்கத்தில் 'போலோஸ்' என்பது குதிரைக்குட்டி. ஆனால் மினோவர் கிரேக்கர் அல்லர் என்ற தம் முடிவுக்குப் பொருந்தாததால் அச்சான்றை ஒதுக்கினார். 1941இல் இறக்கும்வரை அம்முடிவிலேயே நின்றார். உழைப்பில் எவன்ஸ் யாருக்கும் குறைந்தவரல்லர். அவரிடம் இல்லாதது விட்டுவிடும் துணிவு.

வென்ட்ரிஸ் கைவிட்டது கருதுகோளை மட்டுமே, அட்டவணையை அன்று. சோம்பலால் விலகுவதற்கும் சான்றுக்குப் பணிந்து விலகுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. முதல் இடரிலேயே தலைப்பை மாற்றுபவருக்கு வென்ட்ரிஸ் துணைநிற்க மாட்டார்.

இந்தியப் பல்கலைக்கழகச் சூழல் எவன்ஸ்களையே உருவாக்குகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி முனைவர் பட்டத்துக்கு உச்சவரம்பு ஆறு ஆண்டுகள். மறுபதிவு செய்தால் பொதுவாக மேலும் இரண்டு. உதவித்தொகையோ ஐந்தாண்டுகளில் முடிந்துவிடுகிறது. நான்காம் ஆண்டில் எதிர்ச்சான்று கிடைக்கும் மாணவருக்கு, அதை அடிக்குறிப்பில் புதைப்பதே எளிய வழியாகத் தோன்றும். செலவிட்ட ஆண்டுகள் எப்படியும் திரும்பப்போவதில்லை. எனினும் அவற்றைக் காப்பாற்றுவதாக எண்ணி மேலும் இரண்டு ஆண்டுகளை இழப்பவர் பலர். ஆய்வையே விட்டு வெளியேறுபவருக்கு இச்சமூகம் தரும் பெயர் 'இடைநின்றவர்'. பள்ளியை விட்ட சிறுவனுக்கும் அதே சொல்தான். நன்கு ஆராய்ந்து எடுத்த முடிவையும் வறுமை திணித்த முடிவையும் பிரித்தறியாத சொல் அது.

விதிமுறைப்படி ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தம் பணியை விளக்க வேண்டும். எத்தனை இயல் முடிந்தது என்று வினவும் குழு, இன்னொன்றையும் வினவலாம்: எத்தகைய சான்று கிடைத்தால் இக்கருதுகோளைக் கைவிடுவீர்கள்? எந்தச் சான்றாலும் கைவிட மாட்டேன் என்பது விடையானால், அங்கே நடப்பது ஆய்வு அன்று. விடை சொல்லத் தெரிந்த மாணவர் ஒருநாள் உண்மையாகவே கைவிட நேர்ந்தால், அதைத் தோல்வியாக அன்றி ஆய்வின் முடிவாகப் பதிவு செய்யும் பொறுப்பு குழுவுக்கும் நெறியாளருக்கும் உண்டு.