உன் எடை எவ்வளவும்மா?

பாடாங் செராயில் இருக்கும் சின்ன மாமா வீட்டுக்குப் போனால், வாசலிலேயே "சாப்பிட்டியா?" என்று கேட்பார். போன பள்ளி விடுமுறையில் போனபோது கேட்ட கேள்வி வேறு.

"உன் எடை எவ்வளவும்மா?"

வானொலியில் வேலை செய்வதில் ஒரு வசதி, குரலுக்கு எடை கிடையாது. நேரில் கேட்டால் என்ன செய்வது? இரண்டு கிலோவைக் குறைத்துச் சொன்னேன். "போதும், வா" என்று மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூட்டிப் போனார்.

மாமாவிடம் பதினொரு மாடுகள். மூன்று வருடங்களுக்கு முன், ஜப்பானில் ஓடி முடித்து இங்கே விற்பனைக்கு வந்த சின்ன டிராக்டர் ஒன்றை வாங்கினார். முன்னால் ஒரு வாளியும் பொருத்திக்கொண்டார். சாணம் அள்ள, புல் ஏற்ற, மட்டை இழுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரே ஒரு குறை. வாளி நிறையச் சாணத்தைத் தூக்கினால் பின்பக்கம் லேசாகிவிடும். கொட்டகையில் இருந்து எருக்குழிக்குப் போகும் சரிவில் பின்சக்கரம் தரையில் பட்டும் படாமலும் வரும்.

அதற்கு மாமா கண்டுபிடித்த வழி, பின்னால் ஓர் ஆளை நிற்க வைப்பது. வழக்கமாக நிற்பவன் அவருடைய கடைசி மகன். வயது 13, எடை 38 கிலோ. அன்று அவன் டியூஷனுக்குப் போயிருந்தான். அதனால்தான் என் எடையைக் கேட்டிருக்கிறார்.

நானும் நின்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இரண்டாவது நடையில் முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. என் காலுக்குக் கீழே இருந்த இரும்பு மேலே எழும்பியது. இடது பின்சக்கரம் காற்றில். நான் குதித்துவிட்டேன், ஒரு செருப்பு சகதியிலேயே நின்றுவிட்டது. மாமா வாளியைச் சட்டென்று தரையில் இறக்க, வண்டி தொப்பென்று பழைய இடத்துக்கு வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு மாமா சரியாகச் சாப்பிடவில்லை. மகன் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"கடையில கேட்டேம்மா. பின்னால மாட்டுற இரும்புக் கட்டிக்கு ஆயிரத்து எண்ணூறு வெள்ளி சொல்றான். அந்தக் காசுக்கு நான் ஒரு கன்னுக்குட்டி பார்ப்பேனா, இரும்பு வாங்குவேனா?"

நியாயமான கேள்விதான். நான் படித்தது ஊடகத்துறை. எனக்கு விடை தெரியாது. இயந்திரப் பொறியியல் படித்த என் கணவர் கரண்டியையும் உப்பு டப்பாவையும் சாப்பாட்டு மேசையில் வைத்து விளக்கினார். விளையாட்டு மைதானத்து சீசா பலகைதான் கணக்கு. முன் அச்சுதான் நடுக்கட்டை. மாமாவின் வண்டியில் இரண்டு அச்சுகளுக்கும் இடையே ஒன்றரை மீட்டர். முன் அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் 250 கிலோ சாணத்தைத் தூக்கினால், பின்சக்கரங்களின் மேல் இருக்கும் பாரத்தில் சுமார் 167 கிலோ குறைந்துபோகும். முன் அச்சோ 417 கிலோவைக் கூடுதலாகச் சுமக்கும். பின் அச்சை ஒட்டி நிற்கும் 38 கிலோ பையனால் திரும்பக் கிடைப்பது 45 கிலோ சொச்சம்தான். இதைக் கேட்டதும் மாமா எழுந்து வெளியே போய்விட்டார். மூன்று வருடமாக அந்த 45 கிலோவுக்காகத்தான் பிள்ளையை அங்கே நிற்க வைத்திருக்கிறார்.

இன்னும் இரண்டு விஷயம். இப்படிப்பட்ட வண்டிகளில் முன் அச்சு நடுவில் ஒரே ஆணியில் ஊசலாடும்படி இருக்கும். மேடு பள்ளத்துக்கு வளைந்து கொடுக்கத்தான் அந்த ஏற்பாடு. அதனால் பக்கவாட்டில் கவிழாமல் வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது பின்சக்கரங்கள்தான். அதோடு, பல சின்ன டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்தில் மட்டுமே இருக்கிறது. சக்கரம் தரையில் அழுந்தாவிட்டால் சரிவில் பிரேக்கை மிதித்தும் பயனில்லை.

சரி, காசில்லாமல் எடைக்கு என்ன வழி? முதல் வழி கொட்டகையிலேயே கிடந்தது. மாமாவின் ரோட்டவேட்டர், தார்ப்பாயின் கீழ் தூங்கிக்கொண்டிருந்தது. பின்னால் மாட்டினால் அதுவே எதிர்எடை. ஆனால் அகலம் அதிகம். கொட்டகைத் தூணில் இரண்டு முறை இடித்துவிட்டு மாமா அதைக் கழற்றிவிட்டார்.

இரண்டாவது, பின் டயரில் தண்ணீர். குளிர்நாடுகளில் தண்ணீர் உறைந்துவிடும் என்று கால்சியம் குளோரைடு உப்பைக் கரைத்து ஊற்றுகிறார்கள். அது ரிம்மை அரிக்கும். கெடாவில் உறைபனி ஏது? குழாய்த் தண்ணீரே போதும். சக்கரத்தை முட்டுக் கொடுத்துத் தூக்கி, வால்வு உச்சிக்கு வரும்படி திருப்பி, வால்வு ஊசியைக் கழற்றிவிட்டு ஊற்ற வேண்டும். இடையிடையே காற்றை வெளியே விட வேண்டும். வால்வு மட்டத்துக்கு வந்தால் நிறுத்திவிடலாம். அதுவே முக்கால் பங்கு. முழுதாக நிரப்பினால் டயருக்குக் குலுங்கி வாங்கும் காற்றுமெத்தை இருக்காது. மாமாவின் டயருக்குள் டியூப் இருக்கிறது, அதனால் ரிம் துருப்பிடிக்கும் பயமில்லை. ஒரு சக்கரத்துக்கு 80 லிட்டர் பிடித்தது. ஆக 160 கிலோ, செலவு அநேகமாகப் பூஜ்யம். பஞ்சர் ஒட்டுபவர் மட்டும் இனி நம்மைத் திட்டுவார்.

ஆனால் டயர்த் தண்ணீர் பின்பக்கத்தைத் தரையில் அழுத்துமே தவிர, முன் அச்சின் சுமையைக் குறைக்காது. அதற்கு எடை பின் அச்சுக்கும் பின்னால் தொங்க வேண்டும். அங்கேதான் தோங் வந்தது.

200 லிட்டர் நீல பிளாஸ்டிக் தோங் ஒன்றைப் பாதியாக அறுத்தோம். இரும்புத் தோங்கைத்தான் மாமா முதலில் எடுத்து வந்தார். அதில் முன்பு டீசல் இருந்ததாம். அதை வெட்டவோ வெல்டிங் வைக்கவோ கூடாது என்று என் கணவர் ஒற்றைக்காலில் நின்றார். உள்ளே மிஞ்சிய ஆவி தீப்பட்டால் வெடிக்கும். பிளாஸ்டிக் என்றால் கைரம்பமே போதும். முழுத் தோங்கில் கான்கிரீட் ஊற்றினால் 480 கிலோ வரும். மாமாவின் வண்டி அதைத் தூக்கிச் சிரமப்படும். கையேடு ஜப்பானிய மொழியில் இருந்தது, கைப்பேசியால் படம் பிடித்து மொழிபெயர்த்து, தூக்கும் அளவைப் பார்த்துக்கொண்டோம். பாதித் தோங்குக்கு 240 கிலோ. சிமெண்டு ஒரு மூட்டை கூடத் தீரவில்லை.

பின்னால் மாட்டுவதற்கு மூன்று இடங்கள் வேண்டும்: கீழே இரண்டு, மேலே ஒன்று. கீழே மட்டும் மாட்டினால் தோங் சுழன்றுவிடும். இந்த அளவு வண்டிகளில் கீழ் ஆணி 22 மில்லிமீட்டர், மேல் ஆணி 19. காயலாங்கடையில் எடுத்த கம்பியில் பட்டறைக்காரர் ஒரு சட்டம் அடித்துக் கொடுத்தார். அதைத் தோங்குக்குள் நிறுத்தித்தான் கான்கிரீட் ஊற்றினோம். ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரத்துக்கு மேல் காய விட்டோம். பட்டறைக் கூலியோடு எல்லாம் சேர்த்து இருநூறு வெள்ளிகூட ஆகவில்லை.

பின் அச்சுக்கு முக்கால் மீட்டருக்கும் சற்று அதிகமாக, தொண்ணூறு சென்டிமீட்டர் தள்ளித் தொங்குகிறது. இதனால் பின்சக்கரங்களின் மேல் 380 கிலோவுக்கு மேல் கூடுகிறது. முன் அச்சில் இருந்து 144 கிலோ இறங்குகிறது. அதற்காக வாளியை உயரத் தூக்கிக்கொண்டு ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. சாணம் இருக்கும்போது வாளி முழங்காலுக்குக் கீழேதான் போக வேண்டும். இதை மாமாவிடம் சொல்வது என் வேலையாகிவிட்டது, வாரம் ஒருமுறை தொலைபேசியில்.

போன ஞாயிறு அவரே அழைத்தார். "சரிவுல பிரேக் இப்ப பிடிக்குதும்மா." பின்னால் மகனின் குரல் கேட்டது, வண்டியில் இல்லை, வீட்டுக்குள் ஏதோ விளையாட்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்று இன்னும் பாக்கி. வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசுங்காமல் காப்பாற்றும் இரும்பு வளைவு மாமாவின் டிராக்டரில் இல்லை. பழைய ஜப்பான் வண்டிகள் பலவற்றில் இருக்காது. அதைப் பட்டறையில் அடித்து வாங்க முடியாது. அந்த வண்டிக்கென்றே சோதித்துச் செய்ததாக இருக்க வேண்டும். கூடவே இருக்கை வாரும் வேண்டும். மூன்று கடைகளில் விலை கேட்டிருக்கிறேன். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் கன்னுக்குட்டி கணக்குக்கு வந்துவிடுவார்.