பிள்ளை பார்க்கப் போனவர் கையில் கழிப்பறைத் துடைப்பம்

எங்கள் காலனியிலிருந்து காலை ஏழு மணிப் பேருந்தில் டவுனுக்குப் போகும் பெண்களில் ஐந்தாறு பேர் ‘பிள்ளை பார்க்கும்’ வேலைக்குப் போகிறவர்கள். அவர்களில் ஓர் அக்கா, ஒன்றரை வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக ஒரு வீட்டில் சேர்ந்தார். குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்க வைக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. இரண்டாவது வாரமே, “பிள்ளை தூங்குற நேரத்துல சும்மாதானே இருக்கே” என்று பாத்திரம் தேய்க்கச் சொன்னார்கள். பிறகு வீடு துடைப்பது வந்தது. அதன் பிறகு கழிப்பறை. சம்பளம் மட்டும் ஏறவில்லை.

இதை வெறும் வேலைச்சுமை என்று பார்த்தால் பாதிதான் தெரியும். அதே வீட்டுக்குச் சமைக்க வேறொரு பெண் வருகிறார். அவரிடம் யாரும் கழிப்பறை கழுவச் சொல்லவில்லை. “எந்த ஊரு, எந்தத் தெரு” என்று சேரும் நாளிலேயே எங்கள் அக்காவிடம் கேட்டுக்கொண்டார்கள். ஆள் கூலியை மிச்சம் பிடிக்கத்தான் வேலையைக் கூட்டுகிறார்கள். ஆனால் எந்த வேலை யார் தலையில் விழும் என்பதைச் சாதி முடிவு செய்கிறது. பிள்ளையைத் தோளில் போட்டுத் தூங்க வைக்கும் அக்கா, அடுப்படிக் குடத்தில் தண்ணீர் மொள்ளக் கூடாது. கழிப்பறையைக் கழுவும் அவர், அவசரத்துக்கு அதற்குள் போகக் கூடாது.

பிள்ளை பார்ப்பவரின் வேலை எது? பிள்ளைக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, மலஜலம் சுத்தம் செய்வது, பிள்ளையின் துணியையும் பால் புட்டியையும் கழுவுவது, விளையாட்டுச் சாமான்களை எடுத்து வைப்பது. இவை நியாயம். வீட்டார் அனைவரின் பாத்திரம், துணி, தரை, கழிப்பறை இதில் சேராது. வேண்டுமென்றால் தனியாகப் பேசி, தனிக் கூலி கொடுக்க வேண்டும். மறுத்தால் அதற்காக வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது.

உடம்புக்கும் கணக்கு உண்டு. ஒன்றரை வயதுப் பிள்ளை பத்து கிலோ இருக்கும். அதை நாள் முழுவதும் தூக்கி இறக்கும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு, பிள்ளை தூங்கும் அரை மணி நேரம்தான் இடுப்பு நிமிர்த்தும் நேரம். பிள்ளைக்கும் இது ஆபத்து. ஆயா பாத்திரம் தேய்க்கும்போது பிள்ளை தவழ்ந்து போய் விழ ஒரு வாளித் தண்ணீர் போதும். அப்போது பழி யார் மேல் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

வேலைக்கு வைப்பவர்களும் பெரும்பாலும் ஓடி ஓடி உழைக்கும் பெண்கள்தான். அவர்கள் சிரமம் உண்மை. அதை இறக்கி வைக்கும் இடம் இன்னொரு பெண்ணின் முதுகு அல்ல.

வீட்டுப் பணியாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. 2018-ல் குறைந்தபட்சக் கூலியும் நிர்ணயிக்கப்பட்டது. என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி என்பதைப் பணியாளருக்குப் புரியும்படி, முடிந்தால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2011-ஆம் ஆண்டு உடன்படிக்கை. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த அக்காவின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஒரு நோட்டுத் தாளில் அம்மாவின் வேலைகள், நேரம், வார விடுமுறை, சம்பளம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தனுப்பினாள். வீட்டுக்காரம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கழிப்பறை வேலை நின்றது. பாத்திரம் இன்னும் நிற்கவில்லை. தனிக் குடம் அப்படியேதான் இருக்கிறது. சண்டை பாக்கி இருக்கிறது.

படிக்கிற பிள்ளைகளே, உங்கள் அம்மா எந்த வீட்டில் என்னென்ன வேலை செய்கிறார் என்று இன்று இரவு கேளுங்கள். அதை ஒரு தாளில் எழுதுங்கள். அம்மாவை மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள்.