கருவியை வாங்குவதா, செய்வதா?

நாகலாபுரத்துக் கரிசல் காட்டில் விதைக்கப் போகும் சம்சாரி, மண்ணை விரலால் நசுக்கித்தான் ஈரம் பார்க்கிறான். கண்ணுக்குத் தெரியாததை விரல் சொல்கிறது. அணுவைக் காண விஞ்ஞானிகள் கண்ட வழியும் ஏறக்குறைய இதுவே. 1981ல் சூரிச் நகரில் பின்னிக், ரோரர் என்ற இருவர் இதைச் செய்து காட்டினர். 1986ல் நோபல் பரிசும் பெற்றனர்.

ஓர் உலோக ஊசிமுனையைப் பொருளின்மேல் படாமல், மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்துகிறார்கள். அந்த இடைவெளியைத் தாண்டிச் சொற்ப மின்சாரம் பாய்கிறது. மேடு பள்ளத்துக்குத் தக்கபடி அது கூடும், குறையும். அதைப் பதிவு செய்தால் அணுக்களின் வரிசை படமாகிறது. சில பொருள்கள் கடுங்குளிரில்தான் மின்சாரத்தைத் தடையின்றிக் கடத்தும். அவற்றை ஆராய, மைனஸ் 269 டிகிரியில் கொதிக்கும் திரவ ஹீலியம் வேண்டும்.

இத்தகைய கருவியை வெளிநாட்டில் வாங்கக் கோடிக்கணக்கில் கொட்ட வேண்டும். பழுதானால் அவர்களையே எதிர்பார்த்து நிற்க வேண்டும். ஆனால் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார், கீழெல்லையான பூஜ்ய வெப்பத்துக்கு மேல் வெறும் 0.35 டிகிரியில் இயங்கும் கருவியைத் தாங்களே வடிவமைத்து, 2013ல் அதன் விவரத்தை வெளியிட்டனர். கட்டுரை எழுதியவர்களில் கருவித் தயாரிப்பாளர் ஒருவரும் உண்டு. அதுவே நியாயம். சிறு அதிர்வும் ஊசியை ஆட்டிவிடும். ஒரு கம்பி வழியாகவும் வெப்பம் நுழையும். குளிரில் ஒவ்வோர் உலோகமும் ஒவ்வோர் அளவில் சுருங்கும். இதையெல்லாம் வெல்லப் படித்தவன் மூளை மட்டும் போதாது. கடைசல் பிடிப்பவன் கையும் வேண்டும்.

"பருத்திக்கு விலையில்லை, இது யாருக்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் யந்திரத்தின் காந்தத்தைக் குளிர்விப்பதும் இதே ஹீலியம்தான். நமக்கு வேண்டிய ஹீலியம் அநேகமாக முழுவதும் இறக்குமதியே. 2017ல் கத்தார்மீது அண்டை நாடுகள் தடை விதித்தபோது உலகச் சந்தையே தடுமாறியது. நம் குத்தாலம் இயற்கை வாயுவிலோ ஹீலியம் கலந்திருக்கிறது.

2020-21ல் இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிட்டது தேசிய உற்பத்தியில் 0.64 சதவிகிதமே. இது போதாது. அரசு ஆராய்ச்சிக் கூடங்களின் பட்டறைகளுக்குப் பணம் வேண்டும். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. முடித்த நம் பிள்ளைகளுக்கு அங்கே ஒப்பந்தக் கூலியல்ல, நிரந்தர வேலை வேண்டும். கருவி செய்யத் தெரியாத நாடு, பிறர் காட்டியதை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும்.