மீன் என்ன சாப்பிட்டது?

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்போம், விரலால் அழுத்திப் பார்ப்போம். அது என்ன தின்று வளர்ந்தது என்று மட்டும் கேட்க மாட்டோம்.

வேலூர், ஆம்பூர் பக்கம் கடல் கிடையாது. சந்தைக்கு வரும் கட்லா, ரோகு, ஜிலேபி எல்லாம் பொதுவாக ஏரியிலோ பண்ணைக் குட்டையிலோ வளர்பவை. தவிடு, கடலைப் புண்ணாக்கோடு கம்பெனித் தீவனமும் போடுகிறார்கள். சில தீவனங்களில் மீன் தூள் இருக்கும். கடலில் பிடிக்கும் சிறு மீன்களைக் குடலோடு காயவைத்து அரைப்பதுதான் இந்தத் தூள். அவை விழுங்கிய பிளாஸ்டிக்கும் சேர்ந்தே அரைபடும். பல நாட்டு மீன் தூள்களில் மைக்ரோபிளாஸ்டிக், அதாவது 5 மில்லிமீட்டருக்கும் சிறிய துணுக்குகள், இருப்பது தெரியவந்திருக்கிறது.

இதனால் மீனுக்கு என்ன கெடுதல்? நம் வயிற்றைப் போலவே மீன் குடலிலும் நல்ல பாக்டீரியாக்கள் உண்டு. இரை செரிக்க உதவுவதும், நோய்க்கிருமிக்கு இடம் கொடுக்காமல் இருப்பதும் அவைதான். பிளாஸ்டிக் துணுக்கு குடல் சுவரை உரசிப் புண்ணாக்கும். ஆய்வகத்தில் ஜீப்ரா மீன்களுக்கு மைக்ரோபிளாஸ்டிக் கொடுத்துப் பார்த்தபோது குடல் வீங்கியது, பாக்டீரியாக்களின் சமநிலையும் குலைந்தது. அப்படிப்பட்ட மீனுக்கு நோய் சுலபமாகத் தொற்றும். மருந்துச் செலவு பண்ணைக்காரர் தலையில்தான்.

தீவனத்தில் கழிவு கலக்கும் கதை தோல் தொழிலுக்கும் புதிதல்ல. வங்கதேசத்தில் குரோமியம் ஏறிய தோல் சீவல்களை மீன், கோழித் தீவனத்தில் மலிவான புரதமாகக் கலந்தார்கள். 2011-ல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது.

நம்மால் செய்யக்கூடியது என்ன? மீன் தின்ற பிளாஸ்டிக் பெரும்பாலும் குடலில்தான் தங்கும். அதனால் குடலை முழுதாக எடுத்துவிட்டு, வயிற்றின் உட்புறத்தை நன்றாகக் கழுவுங்கள். நெத்திலியைக்கூட வயிற்றைக் கிள்ளிவிட்டுச் சமையுங்கள். மீன் வளர்ப்பவர்கள் வெயிலில் நைந்துபோன பிளாஸ்டிக் சாக்கில் தீவனம் வைக்க வேண்டாம். அதன் நார் உதிரும். கோழிக்கடைக் கழிவைக் கேரி பையோடு குட்டையில் கொட்டவே கூடாது.

பாலாற்று மாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. ஏரியில் நாம் வீசும் பைக்கு யார் செலவு செய்வது? இப்போதைக்கு, மீன்தான்.