ஆள் தனியாக வந்தால் பணம் ஊருக்கு. குடும்பம் வந்தால் தெருக் கடைக்கு!

அம்பத்தூர், ஒரகடம் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வேலைக்கு வந்த வாலிபர்களில் சிலர் இப்போது மனைவி, பிள்ளைகளையும் கூட்டி வருகிறார்கள். குடும்பம் வந்ததும் அவர்கள் காசு செலவழிக்கும் விதமே மாறிவிடுகிறது.

தனி ஆள் கணக்கு சுலபம். ஒரே அறையில் ஆறேழு பேர். அரிசி, உருளைக்கிழங்கு, பருப்பு எல்லாம் பொதுச் செலவு. ஞாயிற்றுக்கிழமை கோழி. மிச்சம் ஊருக்கு. நம்ம ஆட்கள் பம்பாய் தாராவிக்குப் போய் மணியார்டர் அனுப்பினார்களே, அதே கதைதான். இப்போது மணியார்டருக்குப் பதில் செல்போன், அவ்வளவே.

குடும்பம் வந்தால்? கியாஸ் அடுப்பு, பாய், குடம், குழந்தைக்குப் பால், காய்ச்சல் என்றால் டாக்டர் பீஸ். அப்பா அம்மாவுக்கு அனுப்புவது நிற்காது, ஆனால் குறையும். குறைந்த பணம் நம்ம தெருவில்தான் சுற்றுகிறது. "சம்பாதிக்கிறதை எல்லாம் ஊருக்கு அனுப்பிடறாங்கப்பா" என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

அட்வான்ஸ் எங்கே?

இடிக்கிற இடம் வீடு. 10 மாத வாடகையை அட்வான்சாகக் கேட்பது சென்னையில் பழைய வழக்கம். 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் 3 மாதத்துக்கு மேல் கூடாது என்கிறது. ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் சரி என்று ஒரு சந்தும் விட்டிருக்கிறது. பிள்ளை குட்டியோடு வீடு தேடி அலைகிறவர் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்துப் போட மாட்டார்?

ஒரு பேச்சுக்கு, வாடகை 5,000 ரூபாய் என்று வையுங்கள். 10 மாதம் என்றால் 50,000. 3 மாதம் என்றால் 15,000. நடுவிலே நிற்கிற 35,000 ரூபாய்க்கு மேஸ்திரியிடம் கடன். அந்தக் கடன் அடையும் வரை மளிகைக் கடைக்கும் லாபமில்லை, ஊருக்கும் பணமில்லை.

ரேஷன் கை கொடுக்குது

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இவர்களுக்கு இங்கே ரேஷன் பாத்தியதை கிடையாது. அதே ஆண்டு அக்டோபரில்தான் 'ஒரே நாடு, ஒரே ரேஷன்' தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. சொந்த ஊர் கார்டுக்கு இங்கே கைரேகை வைத்துத் தானியம் வாங்கலாம். மீதிப் பங்கை ஊரில் பெற்றோர் வாங்கிக்கொள்ளலாம். ஒரு நிபந்தனை: பெயர் அந்தக் கார்டில் இருக்க வேண்டும். கல்யாணமாகி வந்த பெண், புதிதாகப் பிறந்த குழந்தை பெயரைச் சேர்க்காவிட்டால் அவர்கள் பங்கு போச்சு!

பிள்ளை அரசு ஆரம்பப் பள்ளியில் சேர்ந்தால் 2022-ல் தொடங்கிய காலை உணவும் உண்டு. வீட்டில் மிச்சமாகும் காசு காய்கறிக்கும் பாலுக்கும் போகிறது.

ரயில் செலவு வேறு. தனி ஆள் ரிசர்வ் செய்யாத பெட்டியில் தொற்றிக்கொண்டு ஹோலிக்கு ஒரு தடவை, சாத் பூஜைக்கு ஒரு தடவை போய் வந்துவிடுவார். நாலு பேராக அப்படிப் போக முடியுமா? ஊருக்குப் போவது குறைந்து, பண்டிகைத் துணியும் ரங்கநாதன் தெருவிலேயே எடுத்தாகிறது.