எண்ணப்படாத மரணங்கள்

மாவட்டச் செய்திகளைத் தொகுக்கும் பணியில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். மழைக்காலம் தொடங்கிவிட்டால் 'பாம்பு கடித்து விவசாயி சாவு' என்ற நான்கு வரிச் செய்தி வாரத்துக்கு இரண்டாவது வரும். இடமிருந்தால் பக்கத்தின் அடியில் சேர்ப்போம். கடைசி நேரத்தில் விளம்பரம் வந்தால் முதலில் எடுக்கப்படுவதும் அதுதான். அப்படி விடுபட்டவை எத்தனை என்று அப்போது நான் எண்ணிப் பார்த்ததில்லை.

நாடும் எண்ணிப் பார்க்கவில்லை. மருத்துவமனைப் பதிவுகளை நம்பிய அரசுக் கணக்கில், பாம்புக்கடி மரணங்கள் ஆண்டுக்குச் சில ஆயிரங்களைத் தாண்டாமல் இருந்தன. வீடுவீடாகச் சென்று, இறந்தவரின் குடும்பத்தாரிடம் காரணத்தைக் கேட்டறிந்த 'பத்து லட்சம் மரணங்கள்' ஆய்வு அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது. 2005-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 46,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2011-இல் அது மதிப்பிட்டது. 2020-இல் வெளியான அதன் தொடர்ச்சி, 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் என்றது. சராசரியாக ஆண்டுக்கு 58,000.

இவ்வளவு பெரிய இடைவெளி எப்படி வந்தது? 2011 ஆய்வின்படி, இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் மருத்துவமனைக்கு வெளியே உயிர்விட்டவர்கள். அவர்கள் எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் ஏறவில்லை. பதிவேட்டில் இல்லாத துன்பத்துக்காக ஆய்வு நிதி கேட்பவர் எதைக் காட்டிக் கேட்பார்?

இது பாம்புக்கடியோடு முடிகிற கதையும் அன்று. உலகின் தவிர்க்கக்கூடிய மரணச் சுமையில் 93 சதவீதத்தைத் தாங்கும் வளரும் நாடுகளின் நோய்களுக்கு, சுகாதார ஆய்வுச் செலவில் சுமார் 5 சதவீதமே போகிறது என்று 1990-லேயே ஒரு சர்வதேச ஆணையம் சுட்டிக்காட்டியது. பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் முன்னுரிமைப் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் சேர்த்ததோ 2017-இல்தான்.

இந்தப் புறக்கணிப்பின் விளைவை விஷமுறிவு மருந்திலேயே காணலாம். குதிரையின் உடலில் நஞ்சைச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் குருதியிலிருந்து எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கும் முறை 1890-களைச் சேர்ந்தது. இந்தியாவில் கிடைக்கும் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் காணப்படும் கூன்மூக்கு விரியன் அதில் இல்லை. இதற்கான நஞ்சின் பெரும்பகுதியை நீண்ட காலமாக வழங்கி வந்திருப்பது, சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978 முதல் அச்சங்கம் செய்துவரும் பணி பெரிது. ஆனால், ஒரே இனப் பாம்பாயினும் நஞ்சின் கூறுகள் இடத்துக்கு இடம் மாறுபடுகின்றன. தமிழகத்தில் எடுத்த நஞ்சைக் கொண்டு தயாரான மருந்து, ராஜஸ்தானிலும் அதே அளவு பலன் தரும் என்று எண்ணிவிட முடியாது. நான்கில் அடங்காத சில இனங்களின் நஞ்சை இம்மருந்து சரிவர முறிக்கவில்லை என்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2019-இல் காட்டினர்.

மாற்றம் தொடங்கியிருக்கிறது, மறுக்கவில்லை. 2030-க்குள் பாம்புக்கடி மரணங்களைப் பாதியாகக் குறைக்க மத்திய அரசு 2024 மார்ச்சில் தேசிய செயல்திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு, பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. இனி மருத்துவமனைகள் ஒவ்வொரு பாம்புக்கடியையும் தெரிவித்தாக வேண்டும்.

ஆனால், பாதியாகக் குறைப்பது எதிலிருந்து? தெரிவிக்கும் கடமை மருத்துவமனைக்கு என்றால், வழியிலும் வரப்பிலும் இறந்தவர் மீண்டும் கணக்குக்கு வெளியேதான் நிற்பார். கிராமச் சுகாதாரச் செவிலியர்கள், வீட்டில் நிகழும் மரணங்களின் காரணத்தைக் குடும்பத்தாரிடம் கேட்டுப் பதிய வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் இறப்புப் பதிவோடு அது இணைய வேண்டும். மாவட்டவாரியாக அந்த எண்ணிக்கை ஆண்டுதோறும் வெளியாக வேண்டும். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி மருந்து இருக்க வேண்டும் என்பதை, அதன் பின்னரே ஊகமின்றி முடிவு செய்ய இயலும்.